அற்புதத்தின் வரி இலக்கம்

இத்தாலி அரசாங்கத்துக்கு வரி கட்ட அற்புதத்திடம் என்ன கிடக்கிறது? முல்லைத்தீவுக் கடற்கரையில் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஒரு வீடு, அதற்குள் அவள் ஒருத்தி. புருசன் கிறகோரி கண்ணை மூடி வருசங்களாகிவிட்டன. ஆனாலும் அந்த நாட்டு வரி இலக்கம் ஒன்றை அவள் எடுத்தே ஆகவேண்டும் என்று வந்துவிட்டது.

மகன் றெஜி அங்கேதான் செத்துப்போனான். கோப்பை கழுவும் வேலை முடிந்து சைக்கிளில் திரும்பியவனை வாகனம் அடித்துவிட்டது. கல்யாணம் கட்டாதவன். உடலை ஊருக்குக் கொண்டுவர வழி பிறக்கவில்லை. கூட்டாளி வின்சன்தான் நின்று அடக்கம் செய்வித்தான். அதுவும் தற்காலிக இடம். நிரந்தரமாக ஒரு கல்லறை வேண்டுமென்றால் உரித்தாளிகள் கையெழுத்து வைக்கவேண்டும், அதற்கு வரி இலக்கம் வேண்டும், இல்லாவிட்டால் எலும்புகளைத் தோண்டியெடுத்துப் பொதுக்கிடங்கில் கொட்டிவிடுவார்கள் என்று வின்சன் போனில் சொன்னான்.

விண்ணப்பம் நிரப்ப வந்தவள் தங்கை மகள் யதுசா, பாடசாலை ஆசிரியை. பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு எல்லாம் மளமளவென்று முடிந்தன. பிறகு பேனை நின்றது.

"பெரியம்மா, றெஜியண்ணையின்ர சகோதரங்களும் உரித்தாளிகளாம். அவையளுக்கும் இலக்கம் எடுக்கவேணுமாம்."

"பிறின்சி இருக்கிறாள்தானே. அவளுக்கும் எடு."

யதுசா தலையை நிமிர்த்தவில்லை. யுத்தம் முடிந்த அந்த நாட்களில், வட்டுவாகல் பாலத்தடியில், சனத்தோடு சனமாக வரும்போது கைதவறிப் போனவள் பிறின்சி. கண்டவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்தவர்களை அற்புதம் படலையோடு திருப்பி அனுப்பினாள். காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு வீதியோரப் பந்தலில் போராடும் மற்றத் தாய்மாரோடு, மகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருசக்கணக்காகக் குந்தியிருந்தாள். மரித்தோர் திருநாளில் சேமக்காலைக்குப் போனால் கிறகோரியின் கல்லறையில் மட்டும்தான் மெழுகுதிரி ஏற்றுவாள். உயிரோடு இருப்பவளுக்கு யாராவது ஏற்றுவார்களா?

"இலக்கம் எடுக்கிறதெண்டால் அக்காவின்ர கடவுச்சீட்டு வேணும், பெரியம்மா. இல்லாட்டி..."

"இல்லாட்டி?"

"மரணச் சான்றிதழ் வைக்கவேணும்."

அற்புதம் எழும்பிக் குசினிக்குள் போனாள். யாரைக் குறை சொல்வது? ஒரு பிள்ளைக்குக் குழி வேண்டுமென்றால் மற்றப் பிள்ளையைத் தாயே சாகக்கொடுக்கவேண்டும் என்று எந்த அரசாங்கக் கந்தோரும் எழுதி வைக்கவில்லை. கேட்டது ஒரு இலக்கம், அவ்வளவுதான். அது அவளைக் கொண்டுவந்து நிறுத்திய இடம் இது. இரண்டு பிள்ளைகளும் இடமில்லாமல் போவதை அவளால் தாங்க முடியாது.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"நான் கையெழுத்து வைச்சாப்பிறகு அவள் வந்து நிண்டால்?"

யதுசாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதை பிள்ளை. வந்தால் நான் அவளிட்டை மன்னிப்புக் கேக்கிறன்."

சான்றிதழ் எடுத்த நாளிலிருந்து அற்புதம் பந்தலுக்குப் போகவில்லை. வரவேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. மற்றத் தாய்மாரைப் பார்க்க அவளுக்குத்தான் முகமில்லை.

எழுத்தும் எண்ணும் கலந்த அந்த இலக்கம் ஒருவழியாக வந்தது. றெஜிக்குக் கல்லறையும் ஆயிற்று.

நவம்பர் இரண்டாந் திகதி, மரித்தோர் திருநாளன்று, வின்சன் அங்கத்தைய சேமக்காலையில் நின்று வீடியோவில் அழைத்தான். வெள்ளைக் கல்லில் றெஜியின் பெயர் தெரிந்தது. அற்புதம் போன் திரையை விரலால் தடவினாள்.

"அம்மா, மெழுகுதிரி கொளுத்தப்போறன்."

"ரெண்டு கொளுத்து, தம்பி."

"மற்றது ஆருக்கு?"

"பிறின்சிக்கு," என்றாள். "தமையன்ர இடத்தில அவளும் கொஞ்சம் இருக்கட்டும்."

வின்சன் இரண்டாவதையும் கொளுத்தி வைத்தான். காற்றுக்கு அது அணையப் பார்த்தது.

"கையை வைச்சு மறை, தம்பி!" அற்புதம் போனுக்குள் கத்தினாள். "நூரவிடாதை, அவளை நூரவிடாதை!"