கூனிக்குப் பின்னால் பெரிய கூனி

என் வீட்டுக்காரர் ஜெபக்குமாருக்கு நீச்சல் தெரியாது. அதனால்தான், தண்ணீருக்கடியில் படம் எடுக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது நான் தடுக்கவில்லை. கழுத்துவரை நனைந்ததும் ஆசை தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

ராஜபாளையத்தில் நாங்கள் நடத்துவது கல்யாண ஸ்டூடியோ. "கல்யாணப் போட்டோக்காரர்தானே" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவர் சாப்பிட மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் புகைப்படச் சங்கம் நடத்தும் போட்டிக்கு, தூத்துக்குடியிலிருந்து எலினா என்ற கடல் புகைப்படக்காரர் நடுவராக வருவதாகச் செய்தி வந்தது. அந்த அம்மா வாயால் ஒரே ஒரு தடவை 'நல்ல படம்' என்று கேட்டுவிட வேண்டும் என்று இவர் கிளம்பிவிட்டார்.

முதலில் இணைய வகுப்பு. கோடு, வடிவம், நிறம், வெற்றிடம் என்று நாலு வார்த்தையைக் கற்றுக்கொண்டு வீட்டை உண்டு இல்லை என்று ஆக்கினார்.

"ஏட்டி பியூலா, தோசை வட்டம் நல்லா வந்திருக்கு. சட்னிதான் தப்பான எடத்துல இருக்கு."

சட்னியை எங்கே வைத்திருக்கலாம் என்று எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவள் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

கடலுக்குப் போக நேரமில்லை. கான்சாபுரத்தில் என் அண்ணன் ஐயாதுரையின் கிணறுதான் கடல். கடைசிப் படியில் இவர், இடுப்பில் கயிறு, மறுமுனை அண்ணன் கையில். தண்ணீர் புகாத பெட்டிக்குள் கேமரா.

"மாப்ள, எதையும் தொலச்சிட்டீகளா?"

"சும்மா இருங்க மச்சான். கூனி பயப்படுது."

நகத்தளவுகூட இல்லாத கூனி இறாலுக்கு அவ்வளவு மரியாதை.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்ததும் எனக்குக் கேலி மறந்துபோனது. ஓர் ஓரத்தில் கண்ணாடி மாதிரி அந்தக் கூனி. அதன் மீசை ஒரே கோடாக வளைந்து போகிறது. மற்றதெல்லாம் இருட்டு. இந்த மனிதருக்கு இப்படியும் எடுக்க வருமா என்று பெருமையாக இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். எங்கள் ஆல்பத்தில் விரற்கடை இடம் காலியாக இருந்தாலும் பெண்வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அதனால் முன்னால் மணப்பெண் சின்னதாக நிற்பாள். பின்னால் அவளே மங்கலாக, பெரிதாக, கன்னத்தில் கைவைத்துத் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். படத்தை அனுப்புகிற அன்று கடையில் தனியாக உட்கார்ந்திருந்தவருக்குக் கை பழக்கத்தில் போய்விட்டது. கூனியின் முதுகுப் புள்ளிகளைத் துடைத்து வெளுக்க வைத்தார். இருட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு, பின்னால் அதே கூனியைப் பெரிதாக நிறுத்தினார். பழைய படத்தின் மேலேயே அதே பெயரில் சேமித்துவிட்டு, கிருஷ்ணன்கோவில் கல்யாணத்துக்காக மெமரி கார்டையும் துடைத்தார்.

கண்காட்சியில் ஒரே கூட்டம். பக்கத்துக் கடை ஸ்டூடியோ தனுஷ்கோடி, "அண்ணாச்சி, கூனிக்கே கல்யாணக் களை வந்துருச்சே!" என்றார். இவர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

எலினா வந்தார். பெரிய கூனியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சின்னதை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தக் கோடு அருமையா இருக்கு சார். பின்னால ஒண்ணும் போடாத படம் இருக்கா? இப்பவே கொடுத்தா அதையே போட்டியில சேர்த்துக்கிறேன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அழிச்சிட்டேன் மேடம்."

எலினா கையை எடுத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். வீடு வரும்வரை எனக்குக் கேலி வரவில்லை. பாவமாக இருந்தது, படத்தை அழித்த இவர் கையைப் பிடித்து முறித்தால் என்ன என்றும் இருந்தது. திரும்பி வந்த படத்தை, அவருக்கு நினைவிருக்கட்டும் என்று கடைச் சுவரில் நான்தான் மாட்டினேன்.

அடுத்த கல்யாண ஆல்பத்தில் ஒரே ஒரு பக்கத்தில் துணிந்து இடம் விட்டார். ஓரத்தில் மணப்பெண், மற்றதெல்லாம் வெறுமை. அழகாகவே இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அன்னத்தாய் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டு எடம் ஏன் சும்மா கெடக்கு?"

"அது வெற்றிடம்மா. அப்படி விட்டாத்தான்..."

அன்னத்தாய் சுவரைக் காட்டினார்.

"அந்தக் கூனிக்கு மட்டும் பின்னால பெருசாப் போட்டிருக்கீக. எம் மருமவ கூனியவிடக் கொறஞ்சு போயிட்டாளா?"

என் வீட்டுக்காரர் மருமகளைப் பெரிதாக்க ஆரம்பித்தார்.