வெள்ளிக்கிழமை வேட்டு

தம்பி கார்மேகத்தை வைரவன் கரைக்கு இழுத்துவந்தபோது தம்பிக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. முகம் ஒரு பக்கம் வெந்து கிழிந்திருந்தது. "தம்பி, டேய், மூச்ச விடுறா" என்று கன்னத்தில் மாறிமாறி அறைந்தான் வைரவன். செத்தவனை அறைந்து என்ன பயன்?

அதற்குள் அரபு நாட்டு ராஸ் அல் கைமாவின் அந்த மீனவக் கிராமமே திரண்டு ஓடிவந்தது. வேட்டு வெடித்ததில் அவர்கள் வலையும் கிழிந்துபோயிருந்தது. ஒரு கிழவர் துடுப்பால் வைரவன் முதுகில் ஓங்கிப் போட்டார். இன்னொருவர் எட்டி மிதித்தார். கூட வந்திருந்த கீழக்கரை ஹபீப் முகம்மது அரபியில் கத்திக்கொண்டு குறுக்கே விழுந்தான். வைரவன் தடுக்கவில்லை. இன்னும் நாலு போட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அவர்கள் வேலை பார்த்த குவாரியின் இத்தாலிக்கார இன்ஜினியர் தன் ஊர்ப் படத்தை ஆபீஸில் மாட்டியிருந்தார். மலை அப்படியே கடலில் இறங்கும். இடுக்கில் நாலு வீடு. இந்தக் கிராமமும் அச்சு அசல் அதே மாதிரி என்று அவர் சொல்லப்போக, கார்மேகத்துக்கு ஆசை பற்றிக்கொண்டது. "இத்தாலிக்கா போகப்போறோம்? இதையாவது பாத்துட்டு வந்துருவம்ணே" என்றான். வந்தவன் மலையைப் பார்த்தான், பச்சைத் தண்ணீரைப் பார்த்தான், கூட்டம் கூட்டமாக மீனைப் பார்த்தான். அதோடு விட்டிருக்கலாம். சனியன், குவாரி ஸ்டோரில் உருவிய வெடித்தோட்டா ஒன்று வைரவன் மடியில் இருந்தது.

"கண்மாயில மீனுக்கு நாம போடாத வேட்டா?" என்று திரியை வெட்டிக் கொடுத்தவனும் வைரவன்தான். ஊரில் கிணற்று வேட்டுக்கு வெட்டுகிற அளவு. கம்பெனித் திரி அதைவிட இரண்டு மடங்கு வேகமாக எரியும் என்பது வாரம் ஆறு நாளும் அவன் பார்ப்பதுதான். வெள்ளிக்கிழமை லீவு நாளில் புத்தியும் லீவில் போய்விட்டது. பற்றவைத்த தம்பி கையை ஓங்கக்கூட இல்லை.

போலீஸ் ஜீப் வந்தது. பேசிவிட்டு வந்த ஹபீப் காதோடு சொன்னான்: "தோட்டாவ எடுத்தது, திரி வெட்டுனது எல்லாம் கார்மேகம்தான்னு சொல்லிட்டேன். நீங்க வாயத் தொறக்காதீங்க. ஜெயிலுக்குப் போனீங்க, கலாஸ், அம்புட்டுத்தான்."

"என் தம்பி திருடனாடா?"

"செத்தவனுக்கு என்னண்ணே இனிமே? இருக்கிறவனப் பாருங்க."

"அவன் பொண்டாட்டி வீரம்மா நாலு மாசம்டா. ஒம்புருசன் திருடப்போயிச் செத்தான்னு நானே கடுதாசி எழுதவா?"

நோட்டில் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் வைரவனைப் பார்த்து, அப்படித்தானே என்பதாகப் புருவத்தை உயர்த்தினார்.

வைரவன் எழுந்து இடுப்பிலிருந்த பேனாக்கத்தியை எடுத்து விரித்தான். போலீஸ்காரர் சட்டென்று பின்வாங்கித் துப்பாக்கியில் கை வைத்தார். வைரவன் தன் நெஞ்சை இரண்டு தரம் தட்டிவிட்டு, கத்தியை அவர் காலடி மணலில் வைத்தான். அலகில் திரியின் கருநூல் ஒட்டியிருந்தது.

"சொல்லு ஹபீபு" என்றான்.

ஹபீப் திக்கித் திக்கிச் சொன்னான். போலீஸ்காரர் எழுதியதை அடித்துவிட்டு விலங்கை எடுத்தார்.

வைரவன் இரண்டு கைகளையும் நீட்டினான்.