மாங்கிளையுள் ஒரு கம்பி

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ஞாயிறாயினும் நெரிசலுக்கு ஓய்வளிக்காத வைட்ஃபீல்டு, பெங்களூரின் கீழ்த்திசையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மேலே தூண்களின்மீது தொடர்வண்டி தடையின்றி ஓட, கீழே ஊர்திகள் ஒன்றன் முதுகை ஒன்று பார்த்தபடி அசையாது கிடக்க, சாலையின் இருமருங்கிலும் அயல்நாட்டினின்று வந்து இவ்வூரிலேயே வேரூன்றிவிட்ட மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து, இளஞ்சிவப்புப் பூவாகவே நின்றன. புங்கமரங்களோ பொரி இறைத்தாற்போல் நடைபாதையெங்கும் பூச்சொரிந்தன. இளவேனில் வந்ததை அறிய இவ்வூரார்க்கு நாட்காட்டி வேண்டா. சாலையில் நெடுநேரம் காத்துக் கிடந்தாலே போதும்.

அச்சாலையோரத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் அன்று இளவேனில் மலரமைப்புப் போட்டி நடைபெற்றது. இயற்கை ஈந்த பொருளன்றிப் பிறிதொன்றும் கூடாது; கம்பியும் நெகிழியும் பசையும் விலக்கு; கட்டவேண்டின் வாழைநார் ஒன்றே துணை. இவ்விதிகளை வகுத்தவள் ருக்மிணி. மாநிலக் கருவூலத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற அவ்வம்மை, பிறர் பூவை முகர்ந்து பெறும் இன்பத்தை விதியைப் படித்துப் பெறுபவள். நகர் நடுவிலுள்ள ஆஸ்டின் டவுனிலிருந்து இங்குக் குடியேறிய பள்ளியாசிரியை யசோதாவின் மலரமைப்பினுள், சென்ற ஆண்டு, மயிரிழையன்ன கம்பியொன்றைக் கண்டெடுத்து, அனைவர் முன்னும் தூக்கிக் காட்டி, அவ்வமைப்பையே போட்டியினின்று நீக்கியவளும் அவளே.

"நான் வெக்கல மாமி, சத்தியமா" என்று யசோதா தழுதழுத்தபோது, "பின்னே, பூவே வெச்சுண்டுதா?" என்று ருக்மிணி கேட்க, கூடமே சிரித்தது.

இத்தகையவள் இவ்வாண்டு தானே போட்டியில் இறங்கினாள் என்றால், ஊரார் கண்ணெல்லாம் எங்கே இருக்கும்? முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் சொல்லப்படாத பெயர் அவள் மலரமைத்த மண்தட்டின்மேல் இருந்தது. தோட்டக்காரர் கழித்துப்போட்ட மாங்கிளையைப் பூங்கொத்தோடு எடுத்துவந்து, ஈரமணலில் நிறுத்தி, அடியில் வேப்பம்பூவும் உதிர்ந்த புங்கம்பூவும் பரப்பி, மூன்று நாள் உழைத்தாள். கிளையோ, சோம்பல் பிடித்த எழுத்தர் மேசையில் சாய்வதுபோல், முன்பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. எட்டுமுறை வாழைநாரால் இறுக்கிவிட்டு, சலித்துப்போய்ப் புடவை மாற்றச் சென்று திரும்பியபோது அது நேராக நின்றது. நார் உலர்ந்து இறுகிற்று என்று மகிழ்ந்தாள்.

நடுவர் மூவரும் ஒருமனதாய் அவளுக்கே முதற்பரிசென்றனர். கைதட்டல் எழுந்தது. படம் பிடிப்பதற்காகத் தட்டைத் திருப்பக் குனிந்தவள், பூங்கொத்தின் இடுக்கில் செம்புக்கம்பி ஒன்று மினுங்கக் கண்டாள்.

நிமிர்ந்து பார்த்தாள். வீட்டில் எது சாய்ந்தாலும் கட்டிநிறுத்தாமல் இருக்கமாட்டாத கைகளையுடைய கணவர் சேஷகிரி, வெல்லம் திருடிய பிள்ளையின் முகத்தோடு அருகில் வந்தார்.

"சாஞ்சுடுத்து, ருக்கு. மூணு நாளா நீ பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கலை. விடு, யாருக்குத் தெரியப் போறது?" என்று காதோடு சொன்னார்.

யாருக்கும் தெரியாதுதான். அவளுக்குத் தெரிந்துவிட்டதே! அந்தக் கையின்மேல் பொல்லாத சினம் எழுந்தது; அதனை ஏவிய அன்பின்மேல் எழவில்லை. பின்னர், தன் விரலாலேயே கம்பியின் சுற்றைப் பிரித்து உருவி, எல்லாரும் காண உயர்த்தினாள். கிளை மெல்லச் சாய்ந்து, மேசையில் விழுந்து, பூவைச் சிதறடித்தது.

குடியிருப்போர் சங்கத் தலைவர் சந்திரசேகரன் திகைத்துப்போய், "என்ன மேடம் இது? யார் வெச்சா இத?" என்றார்.

'நான் வைக்கவில்லை' என்னும் விடை நாநுனிவரை வந்தது. அது முழு உண்மை. ஆயினும் அதனைச் சொன்னால் இக்கூடத்தில் ஒருவரும் நம்பார் என்பதை உணர்ந்த அந்நொடியே, ஓராண்டாய் உறைக்காதது ஒன்று அவளுக்கு உறைத்தது, முகம் வெந்தது.

"என் தட்டுல இருந்தது. பரிசு எனக்கில்லை. அதுக்குமேல கேட்காதீங்கோ" என்று கூறி, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த யசோதாவின் முன் சென்று நின்றாள்.

"போன வருஷம் நீ சொன்னதை நான் நம்பலை. தப்பு என்னோடது, யசோதா."

யசோதா எழவில்லை. "நான் வெச்சேனா இல்லையான்னு இன்னிக்கும் உங்களுக்குத் தெரியாதே, மாமி."

"தெரியாது. தெரியாமலேதான் எல்லாரையும் சிரிக்க வெச்சேன்."

யசோதாவின் கண் கலங்கிற்று, குரல் கலங்கவில்லை. "ஒரு வருஷமா நீங்க நிக்கிற லிப்ட்ல நான் ஏறினதே இல்ல. ஒன்பதாவது மாடி. பிள்ளைங்க நோட்டுக்கட்டு, காய்கறிப் பை எல்லாத்தையும் தூக்கிட்டுப் படியிலதான் போனேன். சும்னே, சும்மாதான் கேக்கறேன், ஒரு நாளாவது கவனிச்சீங்களா?"

ருக்மிணி கவனித்ததில்லை. பரிசு வேறொருவர்க்குச் சென்றது, கூட்டம் கலைந்தது, பெருக்குபவர் வந்து பூவை வாரிச் சென்றார். கற்றறிந்தோரே, பிறர் பூவினுள் மறைந்த மயிரிழையைக் கண்டெடுக்க வல்ல கண்தான் அது. ஓராண்டுக் காலம் தன் கண்முன்னே ஒன்பது மாடி ஏறிப்போன ஒருத்தியை அது கண்டிலது.