துரைக்கு வயிற்று வலி

குதிரையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். எந்நேரமும் கடமுடா என்று ஓடும் சத்தம் இல்லை. மறுபக்கம் போய்க் கேட்டாள். சரியாகக் கேட்கவில்லையோ என்ற சந்தேகத்தில் முதல் பக்கத்துக்கே திரும்பி வந்து இன்னொரு முறை கேட்டாள். வற்றிய கிணற்றில் காதை வைத்த மாதிரி இருந்தது.

துரை முன்னங்காலால் தரையைப் பிறாண்டியது. கழுத்தைத் திருப்பித் தன் விலாவையே பார்த்தது. படுக்கப் போவதுபோல் காலை மடக்கியபோது அவள் கயிற்றைச் சுண்டி இழுத்தாள்.

"படுத்தே, கொன்னுடுவேன். நில்லு."

வீட்டு முன்னறையில் அப்பா சவப்பெட்டிக்குள் இருந்தார். விடிவதற்குள் போய்விட்டார். சற்று நேரத்தில் எடுத்துவிடுவார்கள்.

"துரைக்கு யார் என்ன குடுத்தீங்க?" கொல்லையிலிருந்து அவள் போட்ட சத்தத்தில் உள்ளே அழுகை நின்றது.

முதலில் சித்தப்பா வந்தார். "பாவம், பட்டினியா நிக்குதேன்னு ஒரு வாளி கொள்ளு வெச்சேன்."

"ஊற வெச்சதா?"

"சாவு வீட்டுல ஊற வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்களா?"

பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு பை ரொட்டி போட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கடைசியாக அம்மா, படியிலேயே நின்றபடி, "நான் தவிடு கரைச்சு வெச்சேன்" என்றாள்.

விடிந்ததும் அவளே வழக்கமான தீனியைப் போட்டிருந்தாள். இன்றைக்கு இந்த வாயில்லா ஜீவனை யார் கவனிப்பார்கள் என்று ஆளுக்கு ஆள் கவனித்திருக்கிறார்கள். துரையும் யார் மனதையும் நோகடிக்கவில்லை.

கால்நடை டாக்டர் போனில் சுருக்கமாகச் சொன்னார். "தீனியை எல்லாம் எடுத்துடுங்க. படுத்துப் புரண்டா குடல் முறுக்கிக்கும். மெதுவா நடத்திக்கிட்டே இருங்க. லத்தி போட்டுடுச்சுன்னா பெரும்பாலும் பயமில்லை. நான் வர சாயங்காலம் ஆகும்."

சித்தப்பா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "சொன்னா கோவிச்சுக்காதே. ஒரு பண்ணைக்காரர் இதை எடுத்துக்கறேன்னார். மத்தியானம் லாரி வரும். நேத்தே சொல்லி வெச்சிருக்கேன்."

"நேத்தேவா?"

"ஆமா."

"நேத்து அப்பா உயிரோட இருந்தார், சித்தப்பா."

அவர் குதிரையின் வாலைப் பார்த்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "பொம்பளப் பிள்ளை. வேலைக்குப் போவியா, லத்தி அள்ளுவியா?"

"ரெண்டையும்தானே பண்ணிட்டிருக்கேன்."

அது உண்மை. அப்பா பஸ் டிப்போவில் டயர் மாற்றியவர். துரை வண்டி இழுத்ததும் இல்லை, பந்தயம் ஓடியதும் இல்லை. இதனால் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால், "உன் மச்சானால என்ன பிரயோஜனம்?" என்று திருப்பிக் கேட்பார். அவர் படுத்த படுக்கையான பிறகு எல்லாம் அவள் தலையில் விழுந்தது. இருட்டோடு எழுந்து லாயத்தைக் கூட்டுவாள், வைக்கோலை நனைப்பாள், குளம்பில் அடைத்த மண்ணைச் சுரண்டுவாள். குளித்துவிட்டு, சுத்தமான செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் வாசனை போவதில்லை. அவளிடம் சீட்டு வாங்க வரும் நோயாளிகள் மூக்கைச் சுளித்தால், "மருந்து வாசனை" என்பாள்.

"அப்பா ஞாபகமா வெச்சுக்கணும்னு அழுவே. போட்டோ இருக்கு, மாட்டி வெச்சுக்கோ" என்றார் சித்தப்பா.

"ஞாபகத்துக்கு இல்ல. எனக்கு வேணும். நாள் பூரா எல்லாரும் என்னை ஏவுறாங்க. காலையில இதுகூட இருக்கற நேரம் மட்டும்தான் என்னோடது."

முன்வாசலில் வண்டி வந்து நின்றது. பெட்டியை ஏற்றினார்கள். சித்தப்பா பதறிப்போய்த் திரும்பி வந்தார். "கட்டிப் போட்டுட்டு வா. பெத்த பொண்ணு கூட வராம எப்படி?"

"கட்டினா படுத்துடும். நடத்தணும்."

"அப்ப அப்பா?"

அவள் ஒரு கணம்தான் யோசித்தாள். கொல்லைக் கதவைத் திறந்து துரையை வெளியே இழுத்தாள்.

வண்டி ஊர்ந்தது. பின்னால் ஜனங்கள், அவர்களுக்குப் பின்னால் அவளும் குதிரையும். தெருவே சன்னலுக்கு வந்துவிட்டது. சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "மானம் போகுது" என்றார். "போகட்டும், இது நிக்கக்கூடாது" என்றாள். பேசினாளே தவிர அவளுக்கே நிச்சயமில்லை. தான் செய்வது சரியா? வழியில் விழுந்துவிட்டால்? ஒரு நாளில் இரண்டு சாவா? துரை இரண்டு முறை காலை மடக்கியது. இரண்டு முறையும் தோளைக் கொடுத்து முட்டி நிமிர்த்தினாள்.

இடுகாட்டு வாசலில் வண்டி நின்றது. பெட்டியை உள்ளே தூக்கிப் போனார்கள். அவள் வெளியே மதிலோரமாக மேலும் கீழும் நடத்தினாள். உள்ளேயிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது. சித்தப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "லாரிக்காரன். வீட்டு வாசல்ல நிக்கிறானாம். என்ன சொல்ல?"

அப்போது துரை நின்றது. இழுத்தாள், வரவில்லை. வாலைத் தூக்கியது. சித்தப்பாவின் பளபளத்த ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி, பொதபொதவென்று, ஆவி பறக்க விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

"இதைச் சொல்லுங்க" என்றாள்.

சித்தப்பா ஷூவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு போனில், "நீ போயிடுப்பா. இங்க வேலை இல்ல" என்றார்.

அவரைத் தாண்டி அம்மா வெளியே வந்தாள். கைவிரல்களில் மண் ஒட்டியிருந்தது.

"எல்லாரும் போட்டாச்சு. நீ மட்டும்தான் பாக்கி."

"இன்னும் கொஞ்ச நேரம் நடத்தணும்மா."

அம்மா கையை நீட்டினாள். "குடு."

அவள் உள்ளே போய் ஒரு பிடி மண் அள்ளினாள். தலையை நிமிர்த்தியபோது வாசல் வழியே தெரிந்தது. அம்மா கயிற்றைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். துரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போயிற்று. அம்மா திரும்பித் திரும்பி அதை ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். என்ன திட்டுகிறாள் என்று அங்கிருந்து கேட்கவில்லை.