ட்ரெவரின் ‘சரியாயிடும்’

ஆஸ்திரேலியாவின் பேட்லோ மலையில் ஆப்பிள் தோட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் ட்ரெவர் வாயைத் திறந்தால் வருவது ஒன்றுதான்: ‘ஷீ வில் பி ரைட்.’ அதெல்லாம் சரியாயிடும் என்று அர்த்தம். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவிலிருந்து பழம் பறிக்க வந்த பெண்களுக்கு லெய்மாராதான் தலைவி. அவள் அதை அப்படியே நம்பினாள். அவள் தீவில் பொறுப்பில் இருக்கிறவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது நடந்த மாதிரிதான். குளிக்க வெந்நீர் வரவில்லை என்று போய் நின்றபோது ட்ரெவர் அதையே சொன்னார். “நாளைக்கு வந்துடும், பாஸ் வாக்குக் குடுத்திருக்கார்” என்று இவளும் பெண்களிடம் பெருமையாக அறிவித்துவிட்டாள்.

குளிர் பல்லைக் கிட்டிக்க வைக்கிற ஊரில் மாதக்கணக்காகப் பச்சைத்தண்ணிதான். “அக்கா, பாஸ் வாக்கு இன்னைக்கும் சில்லுனுதான் இருக்கு” என்று அவள் தங்கை வொட்டாசி தினமும் வாரினாள். லெய்மாராவுக்கு உள்ளூர அவமானமாக இருந்தது.

பிறகு வேன் மக்கர் பண்ணியது. பெண்களை ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கி ஏறுகிற அந்த வேனை ஓட்டுவது லெய்மாராதான். பிரேக்கை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போனது. மறுநாள் காலையில் ட்ரெவரைப் பிடித்தாள்.

“பாஸ், பிரேக் நிக்கவே மாட்டேங்குது.”

“அட, சரியாயிடும்மா. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்றபடியே அவர் தன் காரைப் பார்த்து நடந்தார்.

அந்த முதுகைப் பார்த்ததும்தான் லெய்மாராவுக்கு அந்தச் சொல் முழுசாக விளங்கியது. கோபம் வந்தது, கூடவே ஒரு தெம்பும் வந்தது. ஏறப் போன பெண்களைக் கையமர்த்தி நிறுத்தினாள்.

“அக்கா, பகைச்சுக்காத. அடுத்த வருஷம் நம்மளக் கூப்பிட மாட்டாங்க” என்று வொட்டாசி காதைக் கடித்தாள்.

“அடுத்த வருஷம் வர்றதுக்கு இந்த வருஷம் உசுரோட இருக்கணும்டி.”

லெய்மாரா நேராகப் போய் ட்ரெவரிடம் சாவியை நீட்டினாள்.

“எங்க ஊர்ல, படகு நல்லாருக்குன்னு சொல்றவர்தான் முதல்ல ஏறுவார், பாஸ். இன்னைக்கு நீங்க ஓட்டுங்க. உங்க பக்கத்துலயே நான் உக்காந்து வர்றேன்.”

ட்ரெவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் வேனில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை ஒரு மிதி மிதித்தார். இன்னொரு தடவை மிதித்தார். கண்ணாடிக்கு வெளியே தெரிந்த சரிவைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி, ஓரமாகப் போய் மெக்கானிக்குக்குப் போன் செய்தார். “இன்னைக்கே வா, இப்பவே வா” என்று அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

பெண்கள் புல்லில் உட்கார்ந்தார்கள். வொட்டாசிக்கு இன்னும் புரியவில்லை.

“அப்ப சரியாயிடும்னா என்னதான்க்கா அர்த்தம்?”

“தான் ஏறாத வண்டிக்குச் சொல்றதுடி அது.”