பன்னிரண்டு அடிக்க நாற்பது நிமிஷம்

1

இந்தக் கதையில் நடந்ததற்கெல்லாம் காரணம் நான். போலீஸ் கேஸ் ஆகவில்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், எங்கள் சுரங்க ஊரான பச்சூக்காவின் பஸ் ஸ்டாண்டில் வேன் நிரம்பக் காத்திருந்தபோது, டிரைவர் சென்ச்சோவிடம் சொன்னேன்.

"ராத்திரி எட்டு மணிக்கு வாய மூடு. மறுநாள் மத்தியானம் பன்னண்டுக்குத் தொற. நடுவுல வெறும் தண்ணி. பதினாறு மணி நேரம். எடை தானா எறங்கும்."

போனில் வந்த வீடியோவில் ஒரு டாக்டர் சொன்னது. டாக்டர்தானா என்று நான் விசாரிக்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார்.

சென்ச்சோவுக்கு ஐம்பத்திரண்டு வயது, நூற்றுப் பதினாறு கிலோ, சர்க்கரை வேறு. சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் அவன் வயிறு தனிப் பயணி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

"நீயும் இருக்கியா வாத்தியாரே?"

"இருக்கேனே. ரெண்டு பேரும் சேர்ந்தே இருப்போம்."

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

ஒன்று: "பதினொன்று இருபது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை நடுங்கியது. பின்னால் பதினாறு உயிர்கள்..." பத்திரிகை ஆசிரியர் குஷியாகிவிடுவார். ஆனால் கை யாருடையது என்று தெரியாமல் நடுங்கி என்ன பிரயோஜனம்?

இரண்டு: "சுயக்கட்டுப்பாடு என்பது தசை மாதிரி, தினமும் பழக்கினால்..." அடித்துவிட்டேன். இதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று நாலாவது பகுதியில் சொல்கிறேன். சொல்லத் தைரியம் வந்தால்.

மூன்று: சென்ச்சோவின் பர்ஸில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரு சீட்டு.

இது சரியாக வரும். எங்கள் ஊரில் குடியை விட நினைக்கிறவன் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, கோயிலுக்குப் போகிறான். குவாதலூப்பே மாதா முன்னால் மண்டியிட்டு, இந்தத் தேதி வரை தொடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறான். பாதர் ஒரு சீட்டில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். யாராவது கற்றாழைக் கள்ளை நீட்டினால் சீட்டைக் காட்டினால் போதும். நீட்டின கை தானாக மடங்கும். சென்ச்சோ அப்படித்தான் குடியை விட்டான். ஒன்பது வருஷமாகச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறான்.

நான் பட்டினி யோசனை சொன்ன மறு ஞாயிறு, அவன் நேரே பாதரிடம் போய் நின்றிருக்கிறான்.

"இது குடிக்குத்தான்ப்பா சீட்டு. சாப்பாட்டுக்கு மனசு இருந்தாப் போதும்."

"என் மனசு என்னிக்கு நான் சொன்னதக் கேட்டிருக்கு பாதர்? சீட்டப் போடுங்க."

பாதர் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்துவிட்டார். டிசம்பர் பன்னிரண்டு, மாதா திருநாள் வரை, மத்தியானம் பன்னிரண்டுக்கு முன்னால் தண்ணீர் தவிர எதுவும் இல்லை. போனில் வந்த ஒரு பழக்கம் சத்தியமாகிவிட்டது. பழக்கத்தைத் தள்ளிப்போடலாம், இன்று வேண்டாம் நாளை என்று சொல்லலாம். சத்தியத்தில் அந்தச் சந்து கிடையாது.

3

செப்டம்பர், அக்டோபர். பதினோரு கிலோ குறைந்தான். வேனுக்குள் சனங்கள் சுடச்சுட பாஸ்தே கடித்துக்கொண்டு ஏறுவார்கள். உருளைக்கிழங்கும் கறியும் வைத்து மடித்துச் சுட்ட அந்த ரொட்டியின் வாசனை கண்ணாடியில் படியும். சென்ச்சோ ஜன்னலைக் கூடத் திறக்கமாட்டான்.

"பாரு வாத்தியாரே, அம்பத்திரண்டு வருஷத்துல மொதத் தடவையா என் கை நான் சொன்னதக் கேக்குது" என்று விரல்களை விரித்துக் காட்டினான்.

போன செவ்வாய்க்கிழமை அந்தக் கை கேட்கவில்லை.

பழைய சுரங்கத்துக்கு மேலே ஏறும் செங்குத்துத் தெரு. மணி பதினொன்று இருபது. நான் முன் சீட்டில். அவன் கழுத்தில் வேர்வை வழிந்தது. வெளியே நவம்பர்க் காற்று ஆளைத் தள்ளுகிறது. கியர் மாற்றப் போன கை கியரைத் தேடியது. வேன் நின்றது. பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது.

"டேய், பின்னால போகுதுடா!" என்று ஒரு அம்மா கத்தினாள். "எங்கள சாமிகிட்ட டெலிவரி பண்ணப் பாக்கறியா?"

ஹேண்ட் பிரேக்கை இழுத்தது அவனா நானா, இன்றுவரை தெரியவில்லை. (முதல் பிரதியில் நான் என்று எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.) வேன் நின்றது. பின் பம்பருக்கும் ஒரு வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு சாண்.

பக்கத்துக் கடையில் ஜூஸ் வாங்கி நீட்டினேன். உதடு வெளுத்திருந்தது. தலையை ஆட்டினான்.

"பன்னண்டு ஆகல."

"செத்துருவே!"

"ஆகல வாத்தியாரே."

நாற்பது நிமிஷம். பாதிப் பேர் திட்டிக்கொண்டே இறங்கி நடந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் போகவில்லை. "டிரைவரு நோன்பா? நான் இருக்கேன், எனக்கு வீட்ல ஒண்ணும் அவசரமில்ல. பொண்டாட்டி திட்டறத லேட்டா வாங்கிக்கறேன்" என்று பின்சீட்டில் காலை நீட்டினார். சென்ச்சோ ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு மாதா பெயரை முணுமுணுத்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கதைகளில் எத்தனையோ குண்டுகளுக்கு நேரம் வைத்திருக்கிறேன். இப்படி ஒரு முள் நகராமல் நின்று பார்த்ததில்லை.

சுகாதார நிலைய டாக்டரம்மா அவன் சர்க்கரை மாத்திரையை மதியத்துக்கு மாற்றினார். வெள்ளிக்கிழமை மறுபடி நடுக்கம். "இந்த விரதம் உங்க உடம்புக்கு ஆகாது. காலைல சாப்பிட்டுட்டு வண்டி எடுங்க, இல்ல வண்டி எடுக்காதீங்க" என்று முடித்துவிட்டார்.

வண்டி எடுக்காமல் இருக்க முடியாது. சத்தியத்தை மீறவும் முடியாது. தினமும் இரண்டு தடவை அதே ஏற்றம்.

4

அவன் மனைவி ஒப்துலியாவை முதலில் அழுகிற பெண்ணாக எழுதினேன். அவள் அழவே இல்லை. என் வீட்டு வாசலில் நின்று கத்தினாள்.

"ஏண்ணே, கதை எழுதி ஆளக் கொல்றது பத்தாதா? நெசத்துலயும் ஆரம்பிச்சாச்சா?"

"பாதர்கிட்ட ஒரு விலக்கு வாங்கிரலாம் ஒப்துலியா. கல்யாணம் காட்சிக்கு ஒரு நாள் விலக்கு தர்றாங்கல்ல..."

அவள் குரல் இறங்கிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பத்து வருஷத்துக்கு முன்னால வாங்கினாருண்ணே. பொண்ணோட பதினஞ்சாவது பொறந்த நாளுக்கு. ஒரே ஒரு நாளுக்கு. பதினோரு மாசம் கழிச்சுத்தான் வீட்டுக்கு வந்தாரு. இப்ப ரெண்டு சீட்டும் ஒரே உறையில வெச்சிருக்காரு. ஒண்ணு போனா இன்னொண்ணும் போயிரும்னு நெனைக்கறாரு."*

(* நான் ஒருநாள் அவனையே கேட்டேன். "சோத்துக்கும் குடிக்கும் என்னடா சம்பந்தம்?" "ரெண்டுக்கும் ஒரே பூட்டுதான் வாத்தியாரே. வேற பூட்டு எங்கிட்ட இல்ல.")

கிளம்பப் போனவள் திரும்பினாள். "உங்களப் பாத்துத்தான் அவரு தாக்குப் பிடிக்கறாரு. 'வாத்தியாரே இருக்காரு, வயசானவரு, ஒரு வார்த்த மொனகுனதில்ல'ன்னு."

சொல்கிறேன். நான் செப்டம்பர் நாலாம் தேதியே விட்டுவிட்டேன். மூன்று நாள்தான். நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு நின்றுகொண்டே இரண்டு முட்டை, பீன்ஸ், நாலு சோள ரொட்டி. அதன்பிறகு தினமும். வாயைக் கொப்பளித்துவிட்டு, பதினொரு மணி வேனில் ஏறி, "பசிக்குதா வாத்தியாரே?" என்று அவன் கேட்கும்போது, "பழகிப்போச்சுடா" என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.)

5

முடிவுகள்.

அ) பாதர் வேனில் ஏறிச் சீட்டைக் கிழிக்கிறார். சென்ச்சோ அழுதுகொண்டே பாஸ்தே தின்கிறான். வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கால் எந்தக் கடைப் பக்கம் திரும்பும் என்று நான் எழுதவேண்டியிருக்கும்.

ஆ) சத்தியம் ஜெயிக்கிறது. டிசம்பர் பன்னிரண்டு, மேளம், வாண வேடிக்கை. இதற்கு நடுவில் இன்னும் பத்தொன்பது நாள், முப்பத்தெட்டு ஏற்றம். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் இருந்துகொண்டே இருக்கவேண்டும்.

இ) எழுதினேன். எரித்துவிட்டேன். அதில் பின்சீட்டுக் கிழவர் இருந்தார்.

ஈ) நாளைக்கு நான் செய்யவேண்டியது. நடக்கிறதற்கு முன்னால் இந்த மேஜையில் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

6

மணி பதினொன்று பத்து. முன் சீட்டு. வேன் நிறைந்திருக்கிறது.

"என்னைய வெச்சு கதை எழுதறியாமே? ஒப்துலியா சொன்னா. நான் நல்லவனா கெட்டவனா?"

"நல்லவன்தான். கூட ஒருத்தன் வர்றான், அவன்தான் சந்தேகம்."

"கொன்னுராத அவன. தமாஷா ஏதாவது பண்ணி விடு." சிரிக்கிறான். மேலுதட்டில் வேர்வை பொட்டுப் பொட்டாக நிற்கிறது. "கண்ணு லேசா மங்குது வாத்தியாரே. உனக்கும் இப்படி இருக்குமா?"

"சென்ச்சோ."

"ம்."

"நான் காலைல சாப்ட்டுட்டேன்."

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. யாரோ பின்னால் யாரையோ திட்டுகிறார்கள். சென்ச்சோ என்னைப் பார்க்கவில்லை. கண் ரோட்டில். ஏற்றத்துக்கு முன்னால் வண்டியை ஒதுக்க ஒரே ஒரு இடம் உண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அது தெரிய ஆரம்பித்துவிட்டது.

"இன்னிக்கு மட்டும்தானே?" என்கிறான். கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது.

(ஆமாம் என்றால், 'பரவால்ல, ஒரு நாள்தானே, மாதா மன்னிப்பா' என்று என் முதுகில் தட்டிவிட்டு, அவன் மட்டும் பட்டினியாக மேலே ஏறுவான். இல்லை, செப்டம்பரிலிருந்தே என்றால், அவன் வண்டியை ஒதுக்கக்கூடும். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பலத்தில்தான் இத்தனை நாள் நின்றோம் என்று அவனுக்குப் புரியக்கூடும். அல்லது அந்த ஒரே பூட்டும் என் கையாலேயே உடையக்கூடும். உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கிறேன், எது என்று தெரியவில்லை.)

படிக்கிற உங்களுக்கு அவனை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம். நீங்கள் அவனிடம் பொய் சொன்னதில்லை. நான் சொல்லவேண்டிய பதில் நாளைக் காலை பதினொரு மணிக்குள் வேண்டும். இடம் விட்டிருக்கிறேன்.

"                                        " என்றேன்.