நாலு டிகிரி

வாய்க்கரிசி இட்டுத் திரும்பிய ஜீவா, அழுகைக்கு நடுவே தன் மடிக்கணினியைத் திறந்தாள்.

“ஏம்புள்ள, அண்ணன் கெடக்கறப்ப அந்தப் பொட்டி எதுக்கு?” என்றாள் சித்தி பொன்னாயி.

மலையூரான காந்தலின் கேரட் தோட்டக்காரர்களுக்கு உறைபனி எச்சரிக்கை அனுப்பும் நிரலை அவளும் அண்ணன் சுரேந்திரனும் சேர்ந்தே எழுதியிருந்தனர். அதன் ஒரு நகல் இவ்வீட்டில் அவனது கணினியிலும், மற்றொன்று கோவையில் பணிபுரியும் அவளது மடிக்கணினியிலும் இருந்தன. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டும் தாமாகவே சமமாகிவிடும். ஒரே வரியை இருவரும் மாற்றினால் மட்டும் அந்த ஒத்திசைவு நின்றுபோகும். எவருடையது வேண்டுமென்று மனிதர் சொல்லும்வரை எச்சரிக்கையும் செல்லாது. நேற்று மாலை முதல் அது நின்றிருந்தது.

குளிர் எத்தனை டிகிரிக்கு இறங்கினால் எச்சரிப்பது என்பதில்தான் சண்டை. மூன்று என்றிருந்ததை நான்காக்க வேண்டும் என்பான் அவன். “சும்மா சும்மா பயமுறுத்துனா ஒருத்தரும் நம்பமாட்டாங்க. ரெண்டு போதும்” என்பாள் இவள். பன்னிரண்டு நாள்களாகப் பேச்சில்லை.

மாலையைச் சாத்திவிட்டு வந்த தோட்டக்காரர் ஆண்டி தயங்கி நின்றார்.

“கேக்கற நேரமில்லீங்க அம்மிணி. இன்னிக்குப் பனி எப்படீங்க? பள்ளத்துல கேரட்டு இப்பத்தான் மொளச்சிருக்குது. போனுல ஒண்ணும் வரலீங்க.”

“பாத்துச் சொல்றனுங்க.”

அன்றிரவின் கணிப்பு மூன்றரை. தகராறான வரியைத் திறந்தாள். மேலே, நேற்று மாலை அவனைப் பார்க்கப் பேருந்து ஏறுமுன் அவள் எழுதியது: நான்கு. ‘அண்ணன் சொன்னபடியே.’ கீழே, அதே நேரத்தில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து கைபேசி வழியே தன் கணினியில் அவன் எழுதியது: இரண்டு. ‘கழுதை சொல்றதே சரி. இனியாச்சும் போனை எடுக்கட்டும்.’

“தூக்கலாமுங்களா?” என்றது வாசலில் ஒரு குரல்.

“ஒரு நிமிசமுங்க.”

பள்ளத்தில் குளிர்காற்று தேங்கும், அங்கே மூன்றரையிலும் புல் வெளுத்துவிடும் என்று அவன் எத்தனை முறை சொல்லியிருந்தான்! அவனது வரியின்மீது விரல் வெகுநேரம் நின்றது. பின்னர் அதை அழித்து, நான்கை நிறுத்தினாள்.

பாடை தெருமுனையை அடைவதற்குள் தோட்டக்காரர்களின் கைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. ஆண்டி பாடையை மற்றொருவர் தோளுக்கு மாற்றிவிட்டுப் பள்ளத்தை நோக்கி விரைந்து இறங்கினார். அவர் சட்டையின் முதுகில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது.